சாவி வாங்குமுன் ஒன்றரை மணித்தியாலம்

வாசகர் கேள்வி-பதில்: வாகனப் பகுதி

ஜேர்மனியில் தனியாரிடம் காம்பர் (படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வாகனம், வோன்மொபில்) வாடகைக்கு எடுத்து மனம் நொந்து வந்தவர்களின் கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். இங்கே சொல்லப்படும் சட்டம் ஜேர்மனிக்கு மட்டுமே பொருந்தும். சுவிஸ், பிரான்ஸ் வாசகர்கள் பிரிஜ், பற்றரி, எடை பற்றிய பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தனியார் ஒருவரின் காம்பரை 12 நாளுக்கு, நாளுக்கு 130 யூரோப்படி எடுத்துக்கொண்டு குடும்பமாகத் தென்பிரான்ஸ் போனோம். மூன்றாம் நாளே பிரிஜ் குளிரவில்லை. சமைத்துக் கொண்டுபோன கறி, பிள்ளைக்கு வைத்த பால் எல்லாம் பழுதாகிவிட்டது. இரவானால் பற்றரி இறங்கித் தண்ணீர்ப் பம்பும் நின்றுவிடும். வந்து நேரில் சொல்லுவோம் என்று விட்டுவிட்டோம். திருப்பிக் கொடுத்தபோது "எங்களுக்கு எல்லாம் வேலை செய்ததே" என்றார். அதோடு நிற்காமல், யன்னலில் வெடிப்பு இருக்கிறது என்று 1,500 யூரோ பிணைப்பணத்தில் 700 யூரோவை வைத்துக்கொண்டார். என்ன செய்யலாம்? — வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று பிரச்சினைகள் இருக்கின்றன. பிரிஜ் பிரச்சினையில் உங்கள் பக்கம் பலவீனம். பற்றரியில் நியாயம் உங்களுடையது, ஆனால் பணம் கிடைப்பது கடினம். பிணைப்பணத்தில் உங்கள் பக்கம் நல்ல பலமாகவே இருக்கிறது.

முதலில் பிரிஜ். காம்பரில் வீட்டுப் பிரிஜ்ஜை எதிர்பார்க்கக் கூடாது. பல காம்பர்களில் கம்பிரசர் இராது. அமோனியாக் கரைசலைச் சூடாக்கி, அது குழாய்களுக்குள் சுற்றியோடுவதால் குளிரூட்டும் 'அப்சோர்பர்' வகைதான் பூட்டியிருக்கும். சூட்டை காஸிலிருந்தோ, 230 வோல்ற் மின்சாரத்திலிருந்தோ, 12 வோல்றிலிருந்தோ எடுக்கும். இதில் 12 வோல்ற் வழி இயந்திரம் ஓடும்போது மட்டும்தான். அதுவும் ஏற்கெனவே குளிர்ந்து இருப்பதைக் காப்பாற்றத்தான் போதும். வெறும் பிரிஜ் குளிரவே 12 மணித்தியாலம் வரை பிடிக்கும். முதல் நாளே 230 வோல்றில் போட்டுக் குளிராக்காமல், வெளிக்கிடுகிற காலையில் வெதுவெதுப்பான கறிச்சட்டியை உள்ளே வைத்தால் அது மீள மாட்டாது.

குளிராமல் போவதற்கு வேறு இரண்டு காரணங்களை அடிக்கடி காண்கிறோம். ஒன்று, வாகனம் சரிந்து நிற்பது. கரைசல் தன் எடையால் கீழிறங்கிச் சுற்றுவதால், சரிவில் நின்றால் சுற்றோட்டம் தடைப்படும். இரண்டாவது, வெளிச்சுவரில் பிரிஜ்ஜுக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் தட்டிகள் இரண்டின் மேலும் குளிர்கால மூடி கழற்றப்படாமல் இருப்பது. உள்ளேயிருந்து எடுத்த சூடு வெளியேற வழியில்லாமல் போகும். 35 பாகை வெயிலில், அந்தப் பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டி நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். அந்த மூடியைக் கழற்றித் தருவதும், இதையெல்லாம் சொல்லித் தருவதும் உரிமையாளரின் கடமை.

உண்மையிலேயே பழுதா என்று இப்படிக் கண்டுபிடிக்கலாம். சமதரையில் நிறுத்தி 230 வோல்றில் போட்டு விடுங்கள். சில மணித்தியாலத்தின் பின் மேல் தட்டியில் கை வைத்துப் பாருங்கள். சூடு வருகிறது, ஆனால் உள்ளே குளிர் இல்லை என்றால் குளிரூட்டும் தொகுதியே போய்விட்டது. வழியில் அதைத் திருத்த முடியாது. மின்சாரத்தில் குளிர்கிறது, காஸில் மட்டும் இல்லை என்றால் எரிமுனையில் கரி அடைத்திருக்கிறது, அல்லது காஸ் வரவில்லை. அமோனியாக் மணம் மூக்கில் ஏறினால் உடனே நிறுத்தி, கதவு யன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்.

பற்றரிக்கு வருவோம். காம்பரில் இயந்திரத்துக்கு ஒரு பற்றரி, வீட்டுப் பகுதிக்கு இன்னொன்று. பல வாகனங்களில் இரண்டாவது 95 அம்பியர்-மணி ஏ.ஜி.எம். எனும் ஈயப் பற்றரி வகை. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே பாவிக்கக் கூடியது ஏறக்குறைய 47 அம்பியர்-மணிதான். ஹீற்றரின் விசிறி இரவு எட்டு மணித்தியாலத்துக்கு 10, விளக்குகள் 5, பம்ப் 3, நாலு கைத்தொலைபேசிகள் 6, பிள்ளைகள் படம் பார்க்க 10 என்று கூட்டினால் ஒரு நாளைக்கு 34 ஆகிறது. நல்ல பற்றரியென்றால், வாகனத்தை ஓட்டாமலே ஒன்றேகால் நாளுக்கு மேல் தாங்க வேண்டும். பகல் முழுக்க ஓடிவந்து நின்ற முதல் இரவே இறங்கினால் பற்றரி கிழடாகிவிட்டது, அல்லது ஓடும்போது அதற்குச் சார்ஜ் போகவில்லை. சில மணித்தியாலம் ஒன்றும் பாவிக்காமல் விட்டு அளந்தால் 12.7 வோல்றுக்கு மேல் நிறைவு, 12.2 பாதி. இரவு 12.7 காட்டி விடிய 11.8 காட்டுகிற படம் ஒன்று உங்கள் கையில் இருந்தால் அதுவே நல்ல சாட்சி.

இனிச் சட்டம். ஜேர்மன் குடியியல் சட்டக்கோவையின் 536ஆம் பிரிவின்படி, வாடகைப் பொருளில் பழுது இருந்தால் வாடகை தானாகவே குறைகிறது. இது வீட்டுக்கு மட்டுமல்ல, வாகனத்துக்கும் உண்டு. ஆனால் 536சி பிரிவு, பழுதைக் கண்ட உடனே அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிக்காததால் உரிமையாளருக்குத் திருத்த வாய்ப்பில்லாமல் போனால் வாடகைக் குறைப்பும் போய்விடும். மூன்றாம் நாளே ஒரு செய்தி அனுப்பியிருந்தால், மிச்சம் 10 நாளுக்கு 20 வீதம் என்று வைத்துக்கொண்டாலும் 260 யூரோ கேட்க நியாயம் இருந்திருக்கும். "வந்து சொல்லுவோம்" என்ற பெருந்தன்மைக்குச் சட்டத்தில் இடமில்லை. அன்றைக்கே, படத்தோடு, எழுத்தில் அறிவிக்க வேண்டும். தொலைபேசியில் கதைத்தாலும் கதைத்து முடிந்தவுடன் "இன்று 14:20க்குக் கதைத்தபடி பிரிஜ் காஸில் குளிரவில்லை, இன்ன திகதிக்குள் வழி சொல்லவும்" என்று ஒரு வரி அனுப்புங்கள். நீங்களாகவே கராஜில் திருத்திவிட்டுப் பற்றுச்சீட்டை நீட்டினாலும் பொதுவாகப் பணம் வராது. முதலில் அறிவித்து அவருக்கு அவகாசம் கொடுத்திருக்க வேண்டும்.

யன்னல் விடயம் வேறு. காம்பர் யன்னல் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் பிளாஸ்ரிக். ஸ்பிரிற் கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் சிலந்திவலை போல மெல்லிய வெடிப்புகள் பரவும். பல ஆண்டு வெயிலிலும் வரும். கல் பட்ட வெடிப்பென்றால் ஒரு புள்ளியிலிருந்து கிளைவிடும். சாதாரணப் பாவனையில் வரும் தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பல்ல என்று 538ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வெடிப்பு உங்கள் 12 நாளுக்குள் வந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர். கையளிப்புப் படிவத்தில் யன்னல் பற்றி ஒன்றும் எழுதவில்லையா, எடுத்துப் பாருங்கள். பொறுப்பு உங்களுடையதாகவே இருந்தாலும், பத்து வருடப் பழைய யன்னலுக்குப் புதிய யன்னலின் முழுவிலையைக் கேட்க முடியாது. பழையதற்குக் கழிவு உண்டு. திருத்தாமல் விலைமதிப்பை மட்டும் காட்டினால் விற்பனை வரியையும் சேர்க்க முடியாது.

ஆகவே, 700 யூரோவுக்குக் கணக்கும் விலைமதிப்பும் கேட்டு, 14 நாள் அவகாசம் வைத்து, பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். கடிதம் டொச் மொழியில், சுருக்கமாக இருக்கட்டும்: வாடகைத் திகதிகள், பிணைப்பணத் தொகை, பிடித்த தொகை, எந்த ஆதாரமும் தரப்படவில்லை, இன்ன திகதிக்குள் இன்ன கணக்கில் போடவும். பதில் வராவிட்டால் நீதிமன்றம் ஊடாக 'மான்பெஷைட்' (பணம் கட்டச் சொல்லும் கட்டளை) அனுப்பலாம். அது கிடைத்த பின் மறுப்புத் தெரிவிக்க அவருக்கு இரண்டு கிழமை. மறுத்தால் வழக்கு ஆம்ட்ஸ்கெரிக்ட் எனும் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சட்டத்தரணி கட்டாயமில்லை. அவர் பக்கத்திலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வாகனம் திரும்பிய நாளிலிருந்து 6 மாதத்தில் அவருடைய சேதக் கோரிக்கை காலாவதியாகும் (548ஆம் பிரிவு). பிணைப்பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு 3 ஆண்டு, அதுவும் அந்த ஆண்டு முடிவிலிருந்து எண்ணப்படும். ஆறுதலாகச் செய்யலாம், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஒக்ரோபரில் எடுத்த காம்பரில் காலையில் பார்த்தால் 100 லீற்றர் தண்ணீரும் கீழே கொட்டியிருந்தது. தாங்கி ஓட்டை என்று உரிமையாளரோடு சண்டை பிடித்துவிட்டோம். அவர் ஓட்டை இல்லை என்கிறார். — வாசகர், ஸ்ருட்கார்ட்

பதில்: அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். வெந்நீர்க் கொதிகலனில் உறைபனி வால்வு ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் வெப்பம் ஏறக்குறைய 3 பாகைக்கு இறங்கினால், தண்ணீர் உறைந்து கொதிகலன் வெடிக்காமல் இருக்க அது தானாகத் திறந்து வடித்துவிடும். 7 பாகைக்கு மேல் வந்தபின்தான் கையால் மூட முடியும். அதற்குமுன் மூட முயன்றால் நிற்காது. பம்ப் போட்டபடி இருந்தால் தாங்கியில் உள்ளதையும் இழுத்து வெளியே ஊற்றிவிடும். குளிர்நாளில் முதலில் ஹீற்றரைப் போட்டு அந்த இடத்தைச் சூடாக்கி, வால்வை மூடி, அதன் பின்தான் தண்ணீர் நிரப்ப வேண்டும். இரவில் பம்ப் சுவிச்சை அணைத்துவிட்டுப் படுங்கள். வால்வு இருக்கும் இடத்தைக் காட்டித் தராதது உரிமையாளரின் குறை. அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போய் இரண்டு நாள் தங்க, தெரிந்தவர் ஒருவர் தன் காம்பரை 300 யூரோ காசுக்குத் தருகிறேன் என்கிறார். "எங்கடை ஆக்கள்தானே, எழுத்து எதற்கு" என்கிறார். ஏதும் சிக்கல் வருமா? — வாசகர், ஆர்னெம், நெதர்லாந்து

பதில்: வரும். அதுவும் நட்பை முறிக்கும் அளவுக்கு வரும். காசு வாங்காமல் இரவல் தருவது வேறு, காசு வாங்கித் தருவது வேறு. சாதாரணத் தனியார் காப்புறுதி வாடகைக்கு விடுவதை ஏற்பதில்லை. ஜேர்மனியில் வாடகைக்கு விடும் வாகனத்துக்கு 'செல்ப்ஸ்ட்ஃபாரர்-ஃபெர்மீட்ஃபார்ட்ஸொய்க்' என்று தனிக் காப்புறுதி வேண்டும், அல்லது அந்த நாட்களுக்கு மட்டும் வாடகைத் தளங்கள் ஊடாக எடுக்கும் காப்புறுதி வேண்டும். இல்லாமல் ஓடி விபத்து நடந்தால், எதிராளியின் சேதத்தைக் காப்புறுதி கட்டும். கட்டிவிட்டு 5,000 யூரோ வரை திருப்பிக் கேட்கலாம். காம்பருக்கு ஆன சேதத்துக்கோ ஒரு சதமும் தராமல் விடலாம். 60,000 யூரோ வாகனம் என்றால் யார் கட்டுவது?

"நீங்கள் காப்புறுதிக்கு எழுதி, இன்ன திகதிக்கு வாடகைக்குக் கொடுக்கச் சம்மதம் என்ற பதிலை எனக்கு அனுப்புங்கள், அல்லது அந்த இரண்டு நாள் காப்புறுதியை நான் கட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். இதைக் கேட்பது நம்பாததாகாது. இரவலாகவே தந்தாலும், நீங்கள் அந்தக் காப்புறுதியின் சாரதிப் பட்டியலுக்குள், வயதெல்லைக்குள் வருகிறீர்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காப்புறுதி இருந்தாலும் அது தொடாதவை உண்டு. உள்ளே கதிரைத் துணி கிழிவது, அலுமாரிக் கதவு உடைவது பெரும்பாலும் சேராது. உயரத்தடைப் பலகையைக் கவனியாமல் பாலத்தில் கூரையை இடிப்பதைக் கடும் கவனயீனம் என்று சொல்லித் தொகையைக் குறைப்பார்கள். உங்கள் பங்குத் தொகை (சேதத்தில் நீங்களே கட்ட வேண்டிய பகுதி) ஒவ்வொரு சேதத்துக்கும் தனித்தனியே கணக்காகும். பங்கு 1,000 யூரோ என்று வைத்தால், முன்பக்கத்தில் ஒரு சேதம், பின்பக்கத்தில் ஒன்று என்றால் அதை இரண்டு தரம் கட்ட வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். ஆறு படுக்கை என்று போட்டிருந்த 3.5 தொன் காம்பரை எடுத்தோம். ஒஸ்ரியாவில் மறித்துத் தராசில் ஏற்றினார்கள், எடை கூட என்று தண்டம். சாமான் அப்படி ஒன்றும் ஏற்றவில்லையே? — வாசகர், மியூனிக்

பதில்: பி வகை அனுமதிப்பத்திரத்துக்காக எல்லாவற்றையும் 3,500 கிலோவுக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். பெரிய குடும்ப வாகனங்கள் வெறுமையாகவே அந்த எல்லைக்குக் கிட்ட நிற்கின்றன. 'ஃபார்ட்ஸொய்க்ஷைன்' எனும் வாகனப் பதிவுப் பத்திரத்தில் எப்.2 கட்டத்தில் அனுமதித்த மொத்த எடையும், ஜி கட்டத்தில் ஓடும் நிலையில் எடையும் இருக்கும். 3,500இலிருந்து 3,060ஐக் கழித்தால் 440 கிலோ மிச்சம் என்று வைப்போம். ஜியில் 75 கிலோ சாரதியும் 90 வீத எரிபொருளும் சேர்ந்துவிட்டது. மனைவி 65, அம்மா 60, பிள்ளைகள் 35, 25 என்றால் 255 மிச்சம். பின்னர் பூட்டிய வெயில் பந்தல், சைக்கிள் தாங்கி, இரண்டாவது பற்றரி ஆகியன ஜியில் இல்லை, அவை 75. மிச்சம் 180. பல வாகனங்களில் ஜியில் 20 லீற்றர் தண்ணீர்தான் சேர்த்திருப்பார்கள். 100 லீற்றர் நிரப்பினால் இன்னும் 80 போய் 100 மிச்சம். மேசை கதிரை 20, பிள்ளைகளின் சைக்கிள் 20, உடுப்பும் போர்வையும் ஆளுக்கு 12 என்றால் கணக்கு பூச்சியம். 10 கிலோ அரிசிப் பை, குக்கர், பழப்பெட்டி, குடிதண்ணீர்ப் போத்தல் எல்லாம் அதற்கு மேல்தான்.

படுக்கை எண்ணிக்கையை நம்பாமல் எஸ்.1 கட்டத்தில் இருக்கை எண்ணிக்கையைப் பாருங்கள். படுக்கை ஆறு இருந்து, ஆசனப் பட்டி நாலு மட்டும் உள்ள வாகனங்கள் இருக்கின்றன. ஓடும்போது நன்னீர் 20 லீற்றருக்கு மேல் வேண்டாம், போய்ச் சேர்ந்து நிரப்புங்கள். கழிவுநீரை வடித்துவிட்டே வெளிக்கிடுங்கள். பயணத்துக்கு முன் விவசாயக் கூட்டுறவுக் களஞ்சியத்திலோ கழிவு மீள்சுழற்சி நிலையத்திலோ தராசில் ஏற்றிப் பாருங்கள். முன், பின் அச்சுகளைத் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு கூடியிருப்பது அடிக்கடி நடக்கும். எடை எல்லை மீறினால் தண்டத்தை ஓட்டியவர்தான் கட்ட வேண்டும். ஆனால் ஐந்து பேர் குடும்பம் என்று தெரிந்தே தந்த உரிமையாளர் மிச்ச எடையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. முற்பணம் கட்டுமுன் எப்.2, ஜி, எஸ்.1 மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: முதல்முறை எடுக்கப்போகிறோம். கையேற்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? — வாசகி, கீல்

பதில்: பகல் வெளிச்சத்தில் ஒன்றரை மணித்தியாலம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் நாளே பிரிஜ்ஜை 230 வோல்றில் போடவும், தண்ணீர் 20 லீற்றராவது நிரப்பவும், காஸ் பூட்டி வைக்கவும் கேளுங்கள். வெறும் தாங்கியோடு நிற்கும் காம்பரில் ஒன்றையும் சோதிக்க முடியாது.

முதல் பத்து நிமிடம் பத்திரங்கள். ஃபார்ட்ஸொய்க்ஷைனின் மூலப்பிரதியில் உள்ள பெயரும், உங்கள் முன் நிற்பவரின் அடையாள அட்டையும் பொருந்த வேண்டும். பின் இலக்கத்தகட்டில், அடுத்த வாகனச் சோதனை எப்போது என்று காட்டும் டூஃப் முத்திரையின் நடுவில் ஆண்டு, உச்சியில் நிற்கும் இலக்கம் மாதம். காஸ் சோதனைப் புத்தகத்தைக் கேளுங்கள். 2025 ஜூன் 19 முதல் காஸ் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சட்டப்படி கட்டாயம். காஸ் சீராக்கியும் குழாயும் 10 ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, ஆண்டு அதிலேயே பொறித்திருக்கும். ஃபார்ட்ஸொய்க்ஷைனின் 20ஆம் கட்டத்தில் உள்ள உயரத்தோடு, கூரையில் பின்னர் பூட்டியதன் உயரத்தையும் கூட்டி, தாளில் எழுதி ஸ்ரியறிங்குக்கு முன்னால் ஒட்டுங்கள்.

அடுத்தது வெளிப்பக்கம். ஒரு முழுச் சுற்று, நிறுத்தாமல் ஒளிப்பதிவு. ஏணி கேட்டுக் கூரையையும் எடுங்கள். கூரை யன்னல் மூடிகளில் வெடிப்பு இருந்தால் பின்னர் உங்கள் தலையில்தான் விழும். உரிமையாளர் தேத்தண்ணி போட்டுத் தந்து, பிள்ளைகளோடு அன்பாகக் கதைப்பது நல்ல விடயம். அதற்காகக் கூரையைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். ரயரின் பக்கத்தில் 'டொட்' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கம் உற்பத்தி நாள்: 2317 என்றால் 2017இன் 23ஆவது கிழமை. காம்பர் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். தவாளிப்பு நிறைய இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். எட்டு வருடத்தைத் தாண்டிய, பக்கச் சுவரில் வெடிப்புள்ள ரயரோடு ஒஸ்ரியா, இத்தாலி வெயிலுக்கு நாங்கள் போக மாட்டோம். காற்று அளவும் காரைப் போலல்ல. சி.பி. என்று பொறித்த காம்பர் ரயருக்குப் பின்பக்கம் 5.5 பார் வரை வேண்டியிருக்கும், சரியான அளவைக் கதவு ஓரத்து ஒட்டியில் பாருங்கள். வெயில் பந்தலை ஒருமுறை முழுவதும் விரித்து மடியுங்கள்.

உள்ளே வந்தால் எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள். மூடியபின் பம்ப் அடங்க வேண்டும். ஒருவரும் தொடாமலே இடைக்கிடை "டக்" என்று ஓடினால் எங்கோ தண்ணீர் கசிகிறது. ஓகஸ்ற் மாதமானாலும் ஹீற்றரைக் கால் மணித்தியாலம் ஓட விடுங்கள். மலைப்பகுதியில் இரவு குளிரும்போது கண்டுபிடித்துப் பயனில்லை. பிரிஜ்ஜை காஸிலும் மாற்றிப் பாருங்கள். உள்ளே வெப்பமானி ஒன்று போட்டு, அதன் இலக்கத்தைப் படமெடுங்கள். விளக்கெல்லாம் போட்டு, பம்ப்பும் ஓடவிட்டுப் பற்றரி வோல்ற்றைப் பாருங்கள். சட்டென்று 12க்குக் கீழே விழுந்தால் எழுதிக்கொள்ளுங்கள். சாரதிக்கு மேலுள்ள படுக்கை மூலை, கூரை யன்னல்களைச் சுற்றிய சுவர், பின் மூலைகள் மூன்றையும் பெருவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினாலோ, பழைய ஈர மணம் அடித்தாலோ உள்ளே மரம் ஊறியிருக்கிறது.

காஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. சிலிண்டர் கழுத்தில் வெறும் எடை பொறித்திருக்கும். பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் தூக்கிக் கழித்தால் காஸின் எடை. 11 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும் என்றால் கிழமைக் கணக்கில் வரும். குளிரில் ஹீற்றரும் ஓடினால் சில நாளில் முடிந்துவிடும். ஜேர்மன் சிலிண்டரைப் பிரான்சில் மாற்ற முடியாது, பூட்டும் வேறு.

கடைசியில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து வந்து, கண்டதெல்லாவற்றையும் படிவத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இது முக்கியம்: பழுது இருப்பது தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் வாகனத்தை ஏற்றால், 536பி பிரிவின்படி அந்தப் பழுதுக்கான உரிமை போய்விடும். "வழியில் சரியாகும்" என்று அவர் சொன்னால், அந்தப் பழுதை எழுதி அதன் அருகே 'உன்டர் ஃபோர்பெஹால்ட்' என்று சேர்த்துவிடுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்காமல் ஏற்கிறேன் என்பது அதன் பொருள். பிறேக், ரயர், காஸ் மூன்றில் ஒன்று பிழையென்றால் எழுத்தும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

கேள்வி: புறப்பட ஐந்து நாள் இருக்க உரிமையாளர் "வாகனம் பழுது" என்று ரத்துச் செய்தார். மாறாக நாங்கள் ரத்துச் செய்தால், 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற சட்டம் உண்டுதானே? — வாசகர், கெல்சன்கிர்ஷன்

பதில்: இல்லை. குறித்த திகதிக்கான வாகன வாடகைக்கு அந்த 14 நாள் உரிமை கிடையாது, தனியாரிடம் எடுத்தால் எப்படியும் இல்லை. நீங்கள் விலகினால் ஒப்பந்தத்தில் உள்ள ரத்துக் கட்டணம்தான். அவர் விலகினால் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். பழுது அவர் பொறுப்பால் வந்ததென்றால், அதே தரத்தில் நீங்கள் எடுத்த மாற்று வாகனத்துக்கான மேலதிகச் செலவையும் கேட்கலாம். மாற்றுத் தேடிய நாளில் கிடைத்த விலைகளைத் திரையிலிருந்து படமெடுத்து வைத்திருங்கள்.

கேள்வி: திருப்பிக் கொடுக்கும்போது எதற்காகப் பணம் பிடிப்பார்கள்? — வாசகி, நியூரென்பேர்க்

பதில்: அடிக்கடி பிடிப்பது ரொயிலற்றுக்கு. அதன் கழிவுப் பெட்டியான காஸெற்றின் கொள்ளளவு 17 முதல் 20 லீற்றர், நாலு பேருக்கு இரண்டு நாள் தாங்குவதே பெரிது. அதற்குரிய இடத்தில் ஊற்றி, இரண்டு தரம் அலசி, தகடு சறுக்கும் ரப்பர் வளையத்தைத் துடைத்துவிடுங்கள். கழிவுநீர் வால்வைத் திறந்து வடித்துவிட்டே கொண்டுபோங்கள். சமையல் மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன் பொரியல், தாளிப்பு எல்லாம் வெளியில் ஒற்றை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கூட்டுக்குள் அந்த எண்ணெய்ப்புகை மெத்தையிலும் திரையிலும் ஏறினால் விசேட துப்புரவு என்று பற்றுச்சீட்டு வரும்.

யன்னலில் ஒட்டிய பூச்சியை நிறைய தண்ணீரும் சாதாரணச் சவர்க்காரமும் போட்டு ஊறவைத்து, மெல்லிய துணியால் எடுங்கள். ஸ்பிரே வேண்டாம். டீசலை அவர் வீட்டுக்குக் கிட்ட உள்ள நிலையத்தில் நிரப்பி, பற்றுச்சீட்டையும் கிலோமீற்றர் இலக்கத்தையும் ஒரே படத்தில் எடுங்கள். நிரப்பும்போது மூடியை இரண்டு தரம் பாருங்கள். தண்ணீர் வாயும் டீசல் வாயும் ஒரே பக்கத்தில் இருக்கும் வாகனங்களில் டீசலுக்குள் தண்ணீரை விட்டவர்கள் உண்டு. அப்படி நடந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. திருப்பாதவரை தாங்கியை வடித்துச் சுத்தம் செய்தால் போதும், இயந்திரத்தை ஓடவிட்டால் இன்ஜெக்ரர்களும் போய்விடும்.

கொடுக்கும்போதும் அதே சுற்று, அதே ஒளிப்பதிவு, அதே படிவம். "நான் பிறகு ஆறுதலாகப் பார்க்கிறேன், நீங்கள் போங்கள்" என்று அவர் சொன்னால், "பிள்ளைகள் காரில் இருக்கட்டும், இப்போதே பார்த்துவிடுவோம்" என்று நில்லுங்கள். புதிய சேதம் இல்லை என்ற வரியின் கீழ் அவருடைய கையெழுத்து விழுந்தபின் சாவியைக் கொடுங்கள்.